போகி: பெட்டியல்ல, பெட்டிக்கு அடியில் இருப்பது

“நான்கு போகிகள் தடம் புரண்டன” என்று நம் ஊர் செய்தியில் வந்தால் நான்கு பெட்டிகள் கவிழ்ந்தன என்று புரிந்துகொள்கிறோம். இதையே இங்கிலாந்தின் ரயில் ரசிகர் ஒருவரிடம் சொன்னால் இரண்டு பெட்டிகள்தான் என்று நினைப்பார். அவர் ஊரில் போகி என்பது பெட்டியல்ல. பெட்டியின் இரு முனைகளிலும் அடியில், சக்கரங்களோடும் ஸ்பிரிங்குகளோடும் தனியாகத் திரும்பக்கூடிய சட்டகம்தான் போகி. ஒரு பெட்டிக்கு இரண்டு.

நம்மிடம் பொருள் மாறியதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. நான்கு சக்கரங்களை நேரடியாகப் பூட்டிய பழைய குட்டைப் பெட்டிகளுக்குப் பிறகு வந்த நீளமான பெட்டிகளை ‘போகிப் பெட்டி’ என்று பிரித்துச் சொன்னார்கள். பேச்சில் பெட்டி உதிர்ந்து போகி நின்றுவிட்டது. பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலைக்காரர்களுக்கு மட்டும் இந்தக் குழப்பம் கிடையாது. அங்கே போகி என்றால் சக்கரச் சட்டகம்தான். அப்புறம், பொங்கலுக்கு முந்தின நாள் வரும் போகிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சொல் பிறந்த இடம் வட இங்கிலாந்து, நியூகாசில் வட்டாரம். நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த பகுதி. அங்கே தாழ்வான, உறுதியான சுமைவண்டியைப் போகி என்றார்கள். இன்றும் அந்தப் பக்கத்திலும் ஸ்காட்லாந்திலும் பிள்ளைகள் பலகைக்குச் சக்கரம் பூட்டிச் சறுக்கி விளையாடும் வண்டிக்குப் பெயர் போகிதான். அதற்கும் முந்தைய வேர் என்ன என்று அகராதிகள் உறுதியாகச் சொல்வதில்லை. பூச்சாண்டியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே ஒலிதான். அதனால், எதிர்பாராத நேரத்தில் சட்டென்று திரும்பி ஆளைப் பயமுறுத்தும் வண்டி என்பதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ரயிலுக்குள் இந்த அமைப்பு வந்த கதைக்குச் சான்று உண்டு. வில்லியம் சாப்மன் என்ற பொறியாளர் தம் சகோதரரோடு சேர்ந்து 1812-இல் எடுத்த காப்புரிமையில், எஞ்சினுக்கு அடியில் திரும்பும் சக்கரச் சட்டகம் இடம்பெற்றது. அக்காலத்து வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் எஞ்சினின் எடை தாங்காமல் உடைந்தன. வைலம் நிலக்கரிச் சுரங்கத்தின் தண்டவாளப் பாதையில் ஓடிய ‘பஃபிங் பில்லி’ என்ற நீராவி எஞ்சினை இதற்காகவே 1815 வாக்கில் எட்டுச் சக்கரங்களுக்கு மாற்றினார்கள். வலுவான தண்டவாளம் வந்ததும் பழையபடி நான்கு சக்கரமாக்கினார்கள். ஆக, போகிக்குத் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேலை: வளைவில் திரும்புவது, எடையைப் பல அச்சுகளுக்குப் பங்கிடுவது. முதல் வேலை எல்லோருக்கும் தெரியும். நம் தேர் தெருமுனையில் முட்டுக்கட்டை போட்டால்தானே திரும்புகிறது? திரும்பாத சக்கரத்தின் பாடு அது. இரண்டாவது வேலையைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரிட்டனின் டீசல் எஞ்சின்களைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம்.

டீசல், மின் எஞ்சின்களைப் பற்றி எழுதுபவர்கள் போ-போ, கோ-கோ, ஏ1ஏ-ஏ1ஏ என்று குறிப்பார்கள். புதிதாகப் படிப்பவருக்கு ஆட்டை விரட்டுவது போலவும், பள்ளி மைதானத்து விளையாட்டு போலவும் தோன்றும். உண்மையில் இது போகியின் ஜாதகம். ஏ என்றால் இயங்கும் அச்சு ஒன்று, பி என்றால் ஒரு போகியில் இரண்டு இயங்கும் அச்சுகள், சி என்றால் மூன்று. பக்கத்தில் வரும் ‘ஓ’ ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி மோட்டார் இருப்பதைக் காட்டும். எண் வந்தால் அது மோட்டார் இல்லாமல் சும்மா சுமக்கும் அச்சு.

பிரிட்டனின் கிளாஸ் 40 என்ற டீசல் எஞ்சின் வகையை எடுத்துக்கொள்வோம். இங்கிலிஷ் எலெக்ட்ரிக் நிறுவனம் 1958 முதல் 1962 வரை 200 எஞ்சின்கள் கட்டிக் கொடுத்தது. டர்போவின் ஒலிக்காக ரசிகர்கள் ‘விசிலர்’ என்று கூப்பிடும் எஞ்சின். 2,000 குதிரைத்திறன், 133 டன். இவ்வளவு எடையை ஆறு அச்சில் ஏற்றினால் பாதை தாங்காது என்று ஒவ்வொரு போகியிலும் மூன்று மோட்டார் அச்சுகளோடு முன்னால் ஒரு சுமை அச்சையும் சேர்த்தார்கள். குறியீடு 1கோ-கோ1. எட்டு அச்சுகள், அச்சுக்கு சராசரி பதினாறரை டன்னுக்குச் சற்று மேல். இங்கிலாந்தின் தெற்கு ரயில்வேயின் முதல் பெரிய டீசல்களுக்காக ஆஷ்ஃபோர்டில் வரைந்த போகி இது. ‘பீக்’ என்று அழைக்கப்படும் கிளாஸ் 44, 45, 46 எஞ்சின்களுக்கும் இதே வடிவம்தான் போனது. இதில் கவனித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. பஃபர்கள், அதாவது மோதலைத் தாங்க முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிகள், எஞ்சினின் உடலில் இல்லை, போகியிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வளைவில் நிற்கும் கிளாஸ் 40-ஐ முன்பக்கத்திலிருந்து பார்த்தால் மூக்கு ஒரு பக்கமும் பஃபர் வரிசை கொஞ்சம் வேறு பக்கமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அதே நிறுவனம் 1961, 62-இல் கொடுத்த டெல்டிக் என்ற எஞ்சினைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 3,300 குதிரைத்திறன், எடையோ 99 டன்தான். உள்ளே இருந்த நேப்பியர் நிறுவனத்தின் இரண்டு டீசல் இயந்திரங்கள் அவ்வளவு இலேசானவை. ஆறே அச்சில் கோ-கோவாக நின்றது. கணக்குப் போட்டால் அச்சுக்குப் பதினாறரை டன், ஏறக்குறைய கிளாஸ் 40-இன் அதே சுமை. டெல்டிக்கின் புகழுக்கு அதன் உறுமலைத்தான் காரணமாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சுமை அச்சு இல்லாத அந்தப் போகிதான் அதன் பெருமையை நன்றாகச் சொல்கிறது.

பிரஷ் நிறுவனத்தின் கிளாஸ் 31 ஏ1ஏ-ஏ1ஏ. மூன்று அச்சில் நடு அச்சு சும்மா. இலங்கை ரயில்வேயின் எம்1 எஞ்சின்களை 1950-களில் பிரஷ் பேக்னல் இதே அமைப்பில்தான் கட்டியது.

பிரிட்டிஷ் ரயில்வேயின் மேற்கு வட்டாரத்தில் ஓடிய கிளாஸ் 52 ‘வெஸ்டர்ன்’ எஞ்சினைக் கோ-கோ என்று எழுதிவிடாதீர்கள். அது சி-சி. டீசலின் விசை மின்சாரமாக மாறாமல், திரவம் நிறைந்த கியர்பெட்டி வழியாகத் தண்டுகளால் அச்சுகளுக்குப் போகிறது. ஒரு போகியின் மூன்று அச்சுகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்று மட்டும் தனியே வழுக்கிச் சுழல முடியாது. ஒரே ஒரு ‘ஓ’வை விட்டால் எஞ்சினின் குடலே மாறிவிடும்.

மின் எஞ்சின்களில் போகி பாடம் கற்பித்த கதையும் உண்டு. பிரிட்டனின் மேற்குக் கடற்கரைப் பாதைக்காக 1965, 66-இல் வந்த கிளாஸ் 86 மொத்தம் 100. இவற்றில் மோட்டாரின் எடையில் ஒரு பங்கு ஸ்பிரிங்குக்கு மேலே இல்லாமல் நேராக அச்சிலேயே தொங்கியது. மணிக்கு 100 மைல் வேகத்தில் அந்த எடை சம்மட்டியாகத் தண்டவாளத்தில் இறங்கியது. பாதையும் கெட்டது, எஞ்சினும் கெட்டது. பிறகு பல எஞ்சின்களுக்கு வளைந்துகொடுக்கும் சுருள்வில்களைப் பொருத்தினார்கள். அடுத்து 1973 முதல் வந்த கிளாஸ் 87-இல் மோட்டாரைப் போகிச் சட்டத்திலேயே ஏற்றிவிட்டார்கள். மூன்று 86-களின் அடியில் 87-இன் போகியைப் போட்டு ஓட்டியும் பார்த்தார்கள். மோட்டார் உட்கார்ந்த இடம் மாறியதில் ஒரு தலைமுறை மாறியது.

நம் ஊர் வழக்கை அங்கே கொண்டுபோனால் எப்படி உடையும் என்பதற்குப் ‘பேசர்’ ரயில்களே போதும். பேருந்து உடலின் பாகங்களைச் சரக்கு வண்டி மாதிரியான அடிச்சட்டத்தில் ஏற்றிச் சிக்கனமாகச் செய்தவை. ஒரு பெட்டிக்கு நான்கே சக்கரம், திரும்பும் சட்டகம் எதுவும் இல்லை. வளைவில் கிறீச்சிட்டுக்கொண்டே 2021 வரை ஓடின. நம் கணக்கில் அவை போகிகள், உண்மையில் போகியே இல்லாதவை! லண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டாரின் பழைய ரயில்களில் இதற்கு நேர்மாறு: அடுத்தடுத்த இரண்டு பெட்டிகள் நடுவில் ஒரே போகியைப் பகிர்ந்துகொள்ளும்.

மாதிரி ரயில் கட்டுபவர்களுக்கும் போகி தலைவலி தரும் விஷயம்தான். பிரிட்டனில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ‘ஓஓ’ அளவில் ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர், தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். உண்மையான விகிதப்படி 18.83 இருக்க வேண்டும். அதாவது சக்கரங்கள் உடலுக்கு ஒடுங்கியே நிற்கும். மாதிரி ரயில் நிறுவனமான ஹார்ன்பியின் இரண்டாம் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். நிஜ அளவில் அது 33 மீட்டர்தான், உண்மையான கிளாஸ் 40 அதில் நுழையவே நுழையாது. மாதிரியில் நுழைய வேண்டுமே, அதனால் போகிக்கும் உடலுக்கும் நடுவில் இடைவெளி விட்டுவிடுகிறார்கள். அகன்ற வளைவு போட இடம் இருப்பவர்கள் அந்த இடைவெளியைக் குறைத்து, படிக்கட்டு, குழாய் எல்லாம் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னொரு வேடிக்கை. டிரை-ஆங் நிறுவனத்தின் பழைய மாதிரிகளில் மோட்டார் ஒரு போகிக்குள்ளேயே இருக்கும். இப்போது நடுவில் ஒரு மோட்டார், அதிலிருந்து இரு பக்கமும் தண்டு, போகிக்கு மேலே புழுப்பற்சக்கரம், கீழே எல்லா அச்சுகளையும் பிணைக்கும் பற்சக்கரங்கள். அட்டைப்பெட்டியில் கோ-கோ என்று போட்டிருந்தாலும் வேலை செய்கிற விதத்தில் எல்லாமே ‘வெஸ்டர்ன்’ மாதிரி சி-சிதான்.

மாதிரிப் பெட்டி வாங்கும்போதும் போகியைப் பார்த்து வாங்க வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயின் மார்க் 1 பயணிகள் பெட்டிகள் முதலில் பிஆர்1 போகியோடு வந்தன. அது தேய்ந்தால் வேகத்தில் ஆட்டம் கண்டது. பிறகு கனமான வார்ப்பு எஃகு காமன்வெல்த், அதன்பின் இலகுவான பி4. 1950-களின் தொடக்கத்தைக் காட்டும் மாதிரி ரயில் தளத்தில் பி4 போட்ட பெட்டியை நிறுத்தினால் கூர்மையான கண் உள்ளவர் உடனே பிடித்துவிடுவார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘சக்கரத்தொகுதி’ என்றால் அச்சோடு இணைந்த இரு சக்கரங்களோடு குழம்பும். ‘சுழல்சட்டம்’ பரவாயில்லை. ஆனால் சுழல்வது என்றால் முழுச் சுற்று நினைவுக்கு வருகிறது, போகியோ சில பாகைதான் திரும்பும். எடை சுமக்கும் வேலையும் அந்தச் சொல்லில் இல்லை. எனக்குப் பிடித்தது ‘அடிவண்டி’. பெட்டிக்கு அடியில் நின்று சுமக்கும் தாழ்ந்த வண்டி. நியூகாசில்காரர்கள் முதலில் வைத்த பொருளும் அதுவே. மோட்டார் அடிவண்டி, சுமை அடிவண்டி, பகிர்ந்த அடிவண்டி என்று நீட்டவும் வசதி. அது உடலோடு சேரும் முளையை நடுமுளை எனலாம். போ-போ, 1கோ-கோ1 போன்ற குறியீடுகளை மட்டும் தொட வேண்டாம். அவை பல நாடுகளுக்கும் பொதுவான குறிகள், அப்படியே இருக்கட்டும். போகி என்று எழுதினாலும் தப்பில்லை, பெட்டியைப் பெட்டி என்றே சொல்லும் வரை.