டென்னிஸ் எல்போ: ஆறு வாரத்தில் ஜெயிக்கும் ஊசி, ஒரு வருடத்தில் தோற்பது ஏன்?

"எட்டு மாதமாக முழங்கையின் வெளிப்பக்கம் வலி. டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்கிறது. ஊசி போட்டதும் வலி போன இடம் தெரியவில்லை. மூன்றாம் மாதம் திரும்பி வந்துவிட்டது. அறுவை சிகிச்சை இல்லாமல் வேறு என்ன வழி?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டென்னிஸ் மட்டையைத் தொட்டதே இல்லையாம். டென்னிஸ் எல்போ எனப்படும் இந்த வலி வருபவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

சரி, முதலில் ஒரு சின்ன சோதனை. முழங்கையை மடக்கி, வெளிப்பக்கம் துருத்தும் எலும்பு முனையைத் தேடுங்கள். அதற்குச் சற்றுக் கீழே, முன்கைச் சதையில் மறுகை விரல்களை வைத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குங்கள். விரல்களை மடக்குபவை உள்பக்கத் தசைகள்தான். ஆனால் வெளிப்பக்கச் சதையும் கல்லாக இறுகுகிறது, இல்லையா? விரல்களை இழுக்கும் தசைநாண்கள், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் கயிறுகள், மணிக்கட்டைத் தாண்டிப் போகின்றன. தடுக்க ஆளில்லாவிட்டால் விரலோடு மணிக்கட்டும் உள்பக்கம் மடங்கி, பிடி தளர்ந்துவிடும். அதனால் வெளிப்பக்கத் தசைகள் எதிர்த்திசையில் இழுத்துப் பிடிக்கின்றன. துணி பிழிந்தாலும் ஸ்குரூடிரைவரைத் திருகினாலும் அந்த எலும்பு முனையில் ஒட்டியிருக்கும் தசைநாணுக்குத்தான் வேலை.

இதை நெடுங்காலம் அழற்சி என்றே நினைத்தார்கள். 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த திசுவைப் பற்றி எழுதினார்கள். நாள்பட்ட வலியில் அங்கே அழற்சிச் செல்கள் அநேகமாக இல்லை. வாரிய தலைமுடிபோல் வரிசையாக இருக்க வேண்டிய கொலாஜன் என்ற புரத இழைகள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. பெரிய அழற்சி இல்லாத இடத்தில், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு ஊசி எதைச் சரிசெய்யும்?

வலியை அடக்கும், அவ்வளவுதான். 2002இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், ஆறாவது வாரம் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபியில் 47, சும்மா காத்திருந்தவர்களில் 32. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஊசிக்கு 69, பிசியோதெரபிக்கு 91. காத்திருந்தவர்கள்கூட 83! 2013இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், ஸ்டீராய்டு போட்டவர்களில் 54 சதவீதம் பேருக்கு வலி திரும்பியது. வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு மட்டுமே.

பெரும்பாலோருக்கு இது ஓராண்டில் தானாகவே குறையும் என்பதால், கடைசியாகச் செய்த வைத்தியத்துக்கே மாலை விழுகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சொந்த ரத்தத்தைச் சுழற்றி, பிளேட்லெட் என்ற ரத்த அணுக்களைப் பிரித்துப் போடும் பிஆர்பி ஊசியும் இப்படிப் பேர் வாங்கியதுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2021இல் 32 ஆய்வுகளை அலசி, அதனால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் அநேகமாக இல்லை என்றது. வலிக்கும் இடத்தில் அழுத்த அலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையின் முடிவுகளும் முன்னுக்குப் பின் முரணாகவே இருக்கின்றன. முன்கைப் பட்டை வேலை நேரத்தில் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும், போட்டுக்கொள்ளலாம்.

மிஞ்சுவது பயிற்சி. எனக்குப் பிடித்த இடமும் இதுதான். கொலாஜன் இழைகளுக்கு நடுவே தசைநாண் செல்கள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. தங்கள் சவ்வில் இருக்கும் இன்டெக்ரின் என்ற புரதக் கொக்கிகளால் சுற்றியுள்ள இழைகளைப் பற்றியிருக்கின்றன. பாரம் ஏறி நாண் நீளும்போது கொக்கி இழுபடுகிறது. அந்த இழுப்பு செல்லின் உட்சட்டகம் வழியாக உட்கருவரை போய், கொலாஜன் செய்யும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. வெறும் இழுப்பு, ரசாயனச் செய்தியாக மாறிவிடுகிறது! ஒரு சங்கதி: பயிற்சி முடிந்த முதல் நாளில் கொலாஜன் கட்டப்படுவதைவிட உடைவது அதிகம், அதன் பிறகுதான் கணக்கு லாபத்துக்குத் திரும்புகிறது. கனமான பயிற்சிக்குப் பிறகு ஓய்வு நாள் விடுவது அதனால்தான்.

செய்முறை எளிது. முன்கையை மேசையில் கிடத்தி, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, கையை விளிம்புக்கு வெளியே நீட்டி, லேசான எடையைப் பிடியுங்கள். மறுகையால் மேலே தூக்கிவிட்டு, நாலைந்து எண்ணும் நேரத்தில் மெதுவாக இறக்குங்கள். கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தால் எடையைக் குறையுங்கள். இப்படியே மூன்று மாதம். இந்த எடையை விற்று யாரும் பணக்காரராக முடியாது. இதற்குப் பெரிய ஆய்வு நடத்தப் பணம் போட ஆள் இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். பொதுப்பணம் வரவேண்டிய இடம் இது.

வாசகருக்கு: அடுத்த ஊசிக்கு முன் இதை ஒரு பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்து பாருங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ, கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ இது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அப்போது பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.