ஸ்குவாட்ரன்: கப்பலணி

ஒரே தலைவரின் கீழ் இயங்கும் போர்க்கப்பல் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்குவாட்ரன்' என்று பெயர். தமிழில் அதை எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லுக்குள் ஒரு சதுரம் ஒளிந்திருக்கிறது. இத்தாலிய மொழியில் 'ஸ்குவாட்ரா' என்றால் தச்சர் கையிலிருக்கும் மூலைமட்டம். சதுரமாக நிறுத்திய படைக்கும் அதே பெயர். அதைப் பெரிதுபடுத்திச் சொன்னது 'ஸ்குவாட்ரோனே'. 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்து, தரையிலிருந்து கடலுக்கும் பிறகு வானுக்கும் போயிற்று. ஆங்கிலேயர் தம் கப்பற்படையைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று ஸ்குவாட்ரன்களாகப் பிரித்த வழக்கம் 1864 வரை இருந்தது.

ஆனால் கடலில் சதுரம் ஏது? பீரங்கிகள் பக்கவாட்டில் சுட்டதால் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே சென்றன. அந்தப் போர்வரிசையில் நின்று அடிதாங்க வல்ல கப்பல் 'லைன்-ஆஃப்-பேட்டில் ஷிப்'. அதன் சுருக்கம்தான் 'பேட்டில்ஷிப்'.

முதல் உலகப்போரின்போது, 1916 மே 31 அன்று, டென்மார்க்கை ஒட்டிய வடகடலில் நடந்த ஜட்லாந்துக் கடற்போரில் பிரிட்டனின் ஐந்தாம் ஸ்குவாட்ரன் இதைக் கண்கூடாகக் காட்டியது. தலைவர் ஹ்யூ ஈவான்-தாமஸ். பார்ஹம், வேலியண்ட், வார்ஸ்பைட், மலாயா என நான்கு கப்பல்கள். ஒவ்வொன்றிலும் எட்டு 15 அங்குலப் பீரங்கிகள், நிலக்கரிக்குப் பதில் எண்ணெய். (மலாயாவுக்குப் பணம் கொடுத்தவை மலாய்க் கூட்டரசு நாடுகள். அந்நாடுகளின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்.) ஜெர்மானியப் பெரும்படை எதிர்ப்பட்டதும் வடக்கே திரும்ப ஆணை வந்தது. நான்கும் சேர்ந்தாற்போல் திரும்பவில்லை. முன்னது திரும்பிய இடத்துக்கு வந்த பிறகே பின்னது திரும்ப வேண்டியிருந்தது. எதிரிக்கு அந்த ஒரே இடத்தைக் குறிவைத்தால் போதும். வரிசையின் வாலில் வந்த மலாயாவில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தனர்.

நம் செய்தித்தாள்கள் ஸ்குவாட்ரனைப் 'படைப்பிரிவு' என்கின்றன. தவறில்லை, ஆனால் சப்பென்றிருக்கிறது. 'அணி' என்ற சொல்லுக்கு வரிசை என்றும் படைவகுப்பு என்றும் பொருள் உண்டு. அணிவகுப்பு என்கிறோமே, அந்த அணி. மூலச்சொல்லின் சதுரத்தைவிட இதுவே கப்பல்களுக்குப் பொருந்துகிறது என்பேன். வெறுமனே 'ஐந்தாம் அணி' என்றால் கிரிக்கெட் நினைவுக்கு வரும் என்பதால் 'ஐந்தாம் போர்க்கப்பல் அணி' என்று முழுதாக எழுதலாம், சுருக்கமாகக் கப்பலணி.

விமானப்படை ஸ்குவாட்ரனுக்கு மட்டும் 'படைப்பிரிவு' இருந்துவிட்டுப் போகட்டும். அங்கே அது வேரூன்றிவிட்டது.