அலை அடிக்காத அந்த இடம்

விடுமுறை நாளில் கடற்கரைக்குப் போகிறோம். குழந்தைகளை எங்கே இறக்கலாம் என்று பார்க்கும்போது, இரண்டு பக்கமும் அலைகள் வெள்ளை நுரையாக உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, சற்றுக் கருமையாகத் தெரிகிறது. அங்கே அலையே இல்லை, அங்கேயே இறங்கலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல நேரம் அந்தக் கடற்கரையிலேயே ஆபத்தான இடம் அதுதான். கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அது. ரிப் கரண்ட் என்பது இந்த இழுவை நீரோட்டத்தைத்தான்.

இது எப்படி உருவாகிறது என்று புரிய, அலையிலிருந்து தொடங்க வேண்டும். ஆழமான கடலில் அலைதான் நகர்கிறது. நீர் அவ்வளவாக நகர்வதில்லை. மிதக்கும் பந்து ஒன்றைக் கவனித்தால் தெரியும். அலை கடக்கும்போது அது மேலே ஏறி, கொஞ்சம் முன்னே போய், இறங்கி, கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைகிறது, உயரமோ கூடுகிறது. ஆழம் அலையின் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆகும்போது முகடு கவிழ்ந்து உடைகிறது. அதுவரை வட்டமடித்துக்கொண்டிருந்த நீர் இப்போது நிஜமாகவே கரையை நோக்கித் தள்ளப்படுகிறது.

அலை விடாமல் உடைந்துகொண்டே இருந்தால், கரையோரம் நீர்மட்டம் சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். உடையும் அலை நீரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை 1960களில் லாங்கெட்-ஹிக்கின்ஸ், ஸ்டூவர்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணக்காக எழுதிக் காட்டினார்கள். அந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உயர்ந்த நீர் தாழ்வான பக்கம் ஓடும் என்பது போதும்.

சரி, தாழ்வான பக்கம் எது? கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல் திட்டுகள் இருக்கும். திட்டின் மேல் ஆழம் குறைவு என்பதால் அலை அங்கே பலமாக உடைகிறது, அதற்குப் பின்னால் நீர் தேங்குகிறது. இரண்டு திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆழம் அதிகம், அலை சரியாக உடைவதில்லை, நீர்மட்டமும் அவ்வளவு உயர்வதில்லை. எனவே தேங்கிய நீர் கரையை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடிவந்து, அந்தப் பள்ளத்தில் சேர்ந்து, குறுகலான ஓடையாகக் கடலுக்குள் பாய்கிறது. அந்த இடம் அமைதியாகத் தெரிவதற்குக் காரணமும் இந்தப் பள்ளம்தான், இழுவைக்குக் காரணமும் அதேதான். நம் கண் ஏமாறுவது இதனால்தான்.

வேகம் பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர் அளவில் இருக்கும். கேட்கச் சாதாரணமாகத் தோன்றும், ஆனால் அதை எதிர்த்து நீந்தினாலே ஒரு சாதாரண ஆள் சீக்கிரம் களைத்துப்போவார். சில சமயம் அது நொடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். 50 மீட்டரைச் சுமார் 21 நொடியில் கடக்கும் ஒலிம்பிக் வீரரின் வேகமே நொடிக்கு 2.4 மீட்டர்தான். அதுவும் அவரால் அரை நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியாத வேகம். பெரிய அலைகள் கூட்டமாக வந்து உடைந்த பிறகு, ஓட்டம் திடீரென்று வலுப்பதும் உண்டு. நீர் வற்றும் நேரத்தில் திட்டுகளின் மேல் ஆழம் இன்னும் குறைவதால், பல கடற்கரைகளில் இழுவை அப்போது கூடுகிறது.

கடல் ஆளை அடியில் இழுத்துக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த ஓட்டம் அப்படிச் செய்வதில்லை. ஆளைக் கரையிலிருந்து அப்பால் கொண்டுபோகிறது, அவ்வளவுதான். உயிரைப் பறிப்பது பெரும்பாலும் பயமும் களைப்பும். கரை கண்ணுக்குத் தெரிவதால் அதை நோக்கியே நீந்தத் தோன்றும், அதுதான் பலத்தை முழுதும் தின்றுவிடும்.

ஜிபிஎஸ் கருவி பொருத்திய மிதவைகளை இந்த ஓட்டங்களில் விட்டுப் பார்த்த ஆய்வுகள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டின. நிறைய மிதவைகள் நேராகக் கடலுக்குள் போய்விடவில்லை. பெரிய சுழலாகச் சுற்றி, சில நிமிடங்களில் திட்டுப் பக்கமே திரும்பிவந்தன. ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நாளும் அப்படி நடக்காது. அதனால் மாட்டிக்கொண்டால் முதலில் மல்லாந்து மிதந்து மூச்சைச் சமன்படுத்துங்கள், கையைத் தூக்கி உதவி கேளுங்கள். உப்புநீர் நன்னீரைவிட அடர்த்தியானது, மிதப்பது அதில் சற்று எளிது. தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, நுரை தெரியும் பக்கமாக நீந்துங்கள். அலை உடைகிறது என்றால் அங்கே ஆழம் குறைவு, நீரும் கரையை நோக்கித்தான் போகிறது. ஒரு பக்கம் எதிர்ப்பு அதிகமாக இருந்தால் மறுபக்கம் திரும்புங்கள்.

இறங்குவதற்கு முன் சற்று மேடான இடத்தில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். உடையும் அலைகளின் வரிசையில் இடைவெளி, கலங்கிய மணல் நிறம், கரையிலிருந்து வெளியே நகரும் நுரை இருக்கிறதா என்று கவனியுங்கள். பாறை, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல்சுவர்), பாலத்தூண் இவற்றை ஒட்டியும் நீர் வெளியே திரும்பும், அதனால் அந்தப் பக்கம் வேண்டாம். உயிர்காப்பாளர் இருக்கும் பகுதியிலேயே குளியுங்கள்.

அப்புறம், யாராவது இழுபடுவதைக் கண்டால் உடனே பாய்ந்துவிடாதீர்கள். காப்பாற்றப் போனவரே மூழ்கிய துயரம் பல கடற்கரைகளில் நடந்திருக்கிறது. உயிர்காப்பாளரைக் கூப்பிட்டுவிட்டு, மூடிய காலி கேன், டியூப், பந்து என்று கைக்குக் கிடைத்த மிதக்கும் பொருளை இழுபடுபவர் பக்கம் எறியுங்கள். ஓட்டம் அதையும் அவர் போகும் வழியிலேயே கொண்டுபோகும்.