பேட்டரியை மாற்றும் முன் எர்த் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள்

போன வாரம் மன்னார்குடிப் பக்கமிருந்து ஒரு பழைய பள்ளி வேன் என் பட்டறைக்கு வந்தது. பள்ளி திறந்ததிலிருந்து இதே கோளாறோடு வரும் நான்காவது வண்டி.

காலையில் செல்ஃப் எடுக்காது. ஹெட்லைட் போட்டால் வெப்ப முள் ஏறும், அணைத்தால் இறங்கும். பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் மங்கலாக எரியும். உரிமையாளரின் தாயார் கண்ணேறு என்று முடிவு கட்டி, முன்னால் எலுமிச்சம்பழம் கட்டியிருந்தார். உரிமையாளரோ இரண்டு பேட்டரியும் ஒரு டைனமோவும் மாற்றியிருந்தார். தாயார் செய்த செலவு குறைவு.

“அண்ணே, இந்தப் பேட்டரி போட்டு இருபது நாள்தான் ஆகிறது. இதுவும் போய்விட்டது” என்றார் டிரைவர். இரவு முழுக்க சார்ஜில் போட்டிருந்ததாகவும் சொன்னார். மீட்டரை வைத்தேன்: 12.5 வோல்ட். எங்கேயும் போகவில்லை, தம்பி.

செல்ஃப் எடுக்காவிட்டால் பேட்டரி, விளக்கு மங்கினால் பேட்டரி, ஹாரன் கம்மினால் பேட்டரி. இந்தப் பழக்கத்தை என்னதான் செய்வது? பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் பேட்டரிக்கே திரும்பியாக வேண்டும். போவதற்கு ஒயர் இருக்கிறது. திரும்புவதற்கு வண்டியின் இரும்புடம்புதான் வழி. இந்தத் திரும்பும் வழிக்குத்தான் எர்த் என்று பெயர், ஒயரை அந்த இரும்போடு பிணைப்பது எர்த் போல்ட். போகிற வழியை எல்லாரும் பார்க்கிறார்கள், திரும்புகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. நம் ஊரில் இதை விளக்க வேண்டியதே இல்லை. வடிகால் தூர்ந்த வயலில் தண்ணீர் என்ன செய்யும்? வரப்பை உடைத்துக்கொண்டு அடுத்தவர் வயலில் ஏறும். பிரேக் விளக்கின் மின்சாரம் இண்டிகேட்டருக்குள் ஏறுவதும் அதே கதை. எஞ்சின் எர்த் அறுந்த வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் கை வைக்க முடியாமல் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். நூறு ஆம்பியருக்கு மேல் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பினால் சுடாதா?

“ஒயர் முனையில் 12 வோல்ட் காட்டுகிறதே” என்பார்கள். காட்டும். ஒயருக்குள் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் காட்டும், ஏனென்றால் மீட்டர் எதையும் இழுப்பதில்லை. வேலை செய்யும்போது அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தலையில் வையுங்கள், மறுமுனையை எஞ்சினின் வெற்று இரும்பில் வையுங்கள், செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டைத் தொட்டாலே எர்த்தில் குறை. இந்த வேனில் 2.8 காட்டியது.

காரணம், மே மாத எஃப்.சி., அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்று வாங்கும் சான்று. எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி., அதற்காக ஆண்டுதோறும் பெயின்ட். எர்த் ஒயரைக் கழற்றி, சேசிஸ் முழுக்கக் கறுப்பு அடித்து, பெயின்ட்டின் மேலேயே போல்ட்டை முடுக்கிவிட்டார்கள். பெயின்ட் மின்சாரத்தை விடாது. பின்விளக்கின் எர்த் திருகுக்கும் அதே கதி. பெயின்டரை நான் குறை சொல்லமாட்டேன், அவருக்குப் பளபளப்புக்குத்தான் கூலி. ஆனால் டைனமோவின் சார்ஜும் அந்தப் போல்ட் வழியாகத்தான் போக வேண்டும். புதுப் பேட்டரிகள் பட்டினி கிடந்தன, அவ்வளவுதான். உப்புத்தாளை எடுத்து இரும்பு மின்னும்வரை தேய்த்தேன். 2.8 என்பது 0.1 ஆனது.

வேதாரண்யம், நாகை வண்டிகளில் பெயின்ட்டுக்குப் பதிலாக உப்புக்காற்று அந்த வேலையைச் செய்யும். செம்பு பச்சை பூத்து நிற்கும். தேய்த்து முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். சம்பா அறுப்பு முடிந்தால் வயல் எலி கொட்டகைக்கு வரும். தை, மாசியில் பானட்டைத் திறந்து ஒயரைப் பார்க்காமல் சாவி போடாதீர்கள்.

இன்னொன்று, இதைக் கோபமாகவே சொல்கிறேன். 10 ஆம்பியர் ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் 30 போடுவது, சிகரெட் தாளைச் சுற்றுவது, செம்புக் கம்பியைச் சொருகுவது, இதெல்லாம் வைத்தியம் இல்லை. ஃபியூஸ் எரியாவிட்டால் ஒயர் எரியும். உள்ளே இருப்பது பிள்ளைகள். அவசரத்தில் ஃபியூஸ் கிடைக்கவில்லை என்றால் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேறு வண்டிக்குச் சொல்லுங்கள், தயவுசெய்து.

வேன் ஒரே அடியில் கிளம்பியது. முன்பு கழற்றிய பேட்டரிகளைக் கொண்டுவாருங்கள், சார்ஜ் ஏற்றிப் பார்க்கலாம் என்று உரிமையாளரிடம் போனில் சொன்னேன். இரண்டையும் எடைக்குப் போட்டுவிட்டாராம்.