கோட் ஆஃப் ஆர்ம்ஸ்: மரபுச்சின்னம்

கேடயத்தில் தீட்டப்பட்டு ஒருவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரிய அடையாளமாக விளங்கும் சின்னத்தை ஆங்கிலத்தில் 'கோட் ஆஃப் ஆர்ம்ஸ்' என்பர்; தமிழில் அதை 'மரபுச்சின்னம்' எனலாம். அந்த ஆங்கிலத் தொடரில் வரும் 'கோட்' உண்மையிலேயே ஒரு மேலாடைதான். இடைக்கால ஐரோப்பியக் குதிரைவீரர்கள் இரும்பு வளையங்களால் பின்னிய கவசத்தின்மேல் துணியங்கி ஒன்றை அணிந்தனர். கேடயத்தில் தீட்டிய உருவமே அந்த அங்கியிலும் இடம்பெற்றது. 'ஆர்ம்ஸ்' என்பது போர்க்கருவிகளைக் குறிக்கும். கருவியின் பெயரும் ஆடையின் பெயரும் அவற்றின் மேலிருந்த உருவத்துக்கு ஆகிவந்தன. நம் இலக்கணப்படி இது ஆகுபெயர்.

இச்சின்னங்களை ஆராயும் துறை 'ஹெரால்ட்ரி'. இப்பெயர் 'ஹெரால்டு' என்னும் பணியாளரிடமிருந்து வந்தது. அச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தது. அதன் மூலம் 'படை', 'ஆளுதல்' என்று பொருள்படும் இரு ஜெர்மானிய உறுப்புகள். போர் விளையாட்டுக் களத்தில் முகம் மறைத்து வரும் வீரன் இன்னான் என்பதைக் கேடயம் பார்த்துச் சொல்லி அறிவித்தவர் அவரே. தெருக்கூத்தில் ராஜாவின் வருகையைக் கூறும் கட்டியக்காரனை அறிந்த நமக்கு ஹெரால்டுக்கு வேறு சொல் தேட வேண்டியதில்லை. துறைக்குக் 'கட்டியம்' என்ற பெயரையும் சிலர் ஆள்கின்றனர். ஆனால் அது புகழ்ந்து அறிவிக்கும் கூற்றையே நினைவூட்டுவதால், 'மரபுச்சின்னவியல்' என்பதே தெளிவு.

'மரபு' என்னும் அடை ஏன்? ஆஞ்சு நாட்டுத் தலைவன் ஜெஃப்ரி 1151இல் இறந்தான். பிரான்சின் லெ மான் நகரிலுள்ள அவனது எனாமல் நினைவுத் தகட்டில், நீலக் கேடயத்தில் பொன்னிறச் சிங்கங்கள் நிற்கின்றன. 1226இல் இறந்த அவன் பேரன் வில்லியம் லாங்கஸ்பியின் கல்லறைச் சிற்பம் இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத்தில் உள்ளது; அதன் கேடயத்திலும் சிங்கங்களே. வழிவழியாக இறங்கும் இவ்வுரிமைதான் இதை வெறும் அலங்காரப் படத்திலிருந்து பிரிக்கிறது. 'குலச்சின்னம்' என்றும் எழுதுகிறார்கள்; ஆனால் ஆங்கில மரபில் ஒரே குடும்பப்பெயர் கொண்ட எல்லாருக்கும் சின்னம் பொதுவாகிவிடாது, உரியவருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்குமே உரியது.

அவ்வுரிமைக்காக வழக்காடியதும் உண்டு. நீலத்தில் பொன்னிறச் சாய்பட்டை கொண்ட ஒரே சின்னத்தை ஸ்க்ரோப், குரோவ்னர் என்னும் இருவர் தாங்கியிருந்தது 1385இல் தெரியவந்தது. கவிஞர் சாசர் 1386இல் சாட்சி சொன்னார்: லண்டன் தெருவொன்றில் புதிதாகத் தொங்கிய அச்சின்னத்தைக் கண்டு, ஸ்க்ரோப்பின் சின்னத்தை மாட்டியிருக்கும் இவ்விடுதி எது என்று கேட்டாராம், அது ஸ்க்ரோப்புடையதன்று, குரோவ்னருடையது என்று விடை வந்ததாம். 1390இல் தீர்ப்பு ஸ்க்ரோப்புக்கே சாதகமாயிற்று.

'இலச்சினை' என்பதை இதற்குப் பயன்படுத்துவது பொருந்தாது. சோழர் செப்பேட்டு வளையங்களில் புலியோடு இரட்டைக் கயலும் வில்லும் பொறித்திருப்பது, ஆவணத்தை உறுதிசெய்யும் முத்திரை. பாண்டியர் கயலும் சேரர் வில்லும் அதில் சேர்ந்ததற்கும், பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய இங்கிலாந்து மன்னன் மூன்றாம் எட்வர்டு 1340இல் பிரான்சின் அல்லிமலரைத் தன் கேடயத்தில் சேர்த்ததற்கும் நோக்கம் ஒத்தது என்பது உண்மையே. ஆயினும் முத்திரை வேறு, கேடயத்தில் பிறந்த மரபுச்சின்னம் வேறு. கோபுரம் பொறித்த தமிழ்நாட்டு அரசின் சின்னத்திலும் கேடயம் இல்லை. அதனை 'அரசுச் சின்னம்' என்று எழுதினால் போதும்.