ஹெட்லைட் பல்பின் நிறம்: மாட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

தேவகோட்டைப் பக்கம் கால் டாக்சி ஓட்டும் தம்பி ஒருவர் ஹெட்லைட்டுக்காக எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்க மூன்று முறை அலைந்தார். ஆட்டோ எலக்ட்ரிக் கடையில் "6000 கே எல்.இ.டி. போடுங்கண்ணே, பகல் மாதிரி இருக்கும், ஆர்.டி.ஓ. அப்ரூவல் உள்ளது" என்று சொல்லி மாட்டிவிட்டிருக்கிறார்கள். எப்.சி. அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரே வரியில் "லைட்டை மாத்திட்டு வா" என்றார். எதை மாற்ற வேண்டும், நிறமா பல்பா, அதற்குப் பதில் இல்லை. மறுநாள் பழைய மாதிரி இழை உள்ள ஹாலோஜன் பல்பு போட்டுப் போனால், வெளிச்சம் மேலே தூக்குகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். பல்பைப் பிடிக்கும் கிளிப்பைக் கடைக்காரர் ஏற்கெனவே வளைத்து வைத்திருந்தார், அதுதான் காரணம். மூன்றாவது முறை நானும் கூடப் போனேன், இன்ஸ்பெக்டர் கேம்ப் போய்விட்டார். மூன்று நாள் வாடகை போச்சு, அதைக் கேட்க ஆளில்லை.

சட்டம் என்று பார்த்தால் சுருக்கம்தான். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: வண்டி கம்பெனியிலிருந்து வந்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ(4): மாற்றினால் உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106: எட்டு மீட்டர் தள்ளி, ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசாதபடி வெளிச்சம் கீழ்நோக்கி இறங்க வேண்டும். கவனியுங்கள், 182ஏ(4) பிடிப்பது வண்டிக்காரரைத்தான். பில் போட்டு மாட்டிவிட்ட கடைக்காரர் அதில் வரவே மாட்டார்.

எல்லோரும் ஏமாறுவது கெல்வினில்தான், அதாவது பெட்டியில் "கே" என்று போடும் வெளிச்சத்தின் நிற அளவில்; எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். நான் சொன்ன பிரிவு, விதி எதிலும் கெல்வின் எண் கிடையாது. ஆகவே "6000 வரைக்கும் சட்டப்படி ஓகே" என்பது கடைப் பேச்சு. பார்க்கப்படுவது வேறு: உங்கள் வண்டிக்கு வந்த பல்பு வகை எது (எச்4, எச்7, எச்11 என்று பல்பிலேயே இருக்கும்), வாட் எவ்வளவு, வெளிச்சம் வெள்ளையா நீலமா, கீழே விழுகிறதா எதிரே வருபவர் முகத்தில் விழுகிறதா. ஹாலோஜனுக்காகச் செய்த ஹெட்லைட் கிண்ணத்தில் (ரிஃப்ளெக்டர்) எல்.இ.டி.யைச் சொருகினால், இழை இருந்த இடத்தில் ஒளி பிறப்பதில்லை, அதனால் டிம்மில் போட்டாலும் சிதறும். 4300 போட்டாலும் சிதறும், 6000 போட்டாலும் சிதறும். நிறத்தைக் குறைத்துப் போட்டால் தப்பிக்கலாம் என்று நினைத்துத்தான் பலர் இரண்டாவது முறையும் பணம் விடுகிறார்கள். கம்பெனியிலேயே எல்.இ.டி.யோடு வந்த வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

சரி, எந்த நிறம் போடலாம்? சாதாரண ஹாலோஜன் 3200 கெல்வின் பக்கம் இருக்கும், கொஞ்சம் மஞ்சள். அதே வகை, அதே வாட்டில் சற்று வெண்மையான ஹாலோஜனும் கிடைக்கிறது. எச்4 என்றால் 60/55 வாட், அதைத் தாண்டாதீர்கள். 100/90 வாட் போட்டு ஹோல்டர் உருகிய வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். நீலப் பூச்சுப் பல்பு வெளிச்சத்தைக் கூட்டுவதில்லை, பூச்சு ஒளியைத் தின்றுவிடும். நம் ஊர் ரோட்டு ஓரம் செம்மண். மஞ்சள் கலந்த வெளிச்சத்தில் அந்த ஓரம் நன்றாகத் தெரியும், நீலத்தில் கறுத்துப்போகும். மழையில் தார் ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், இன்னும் மோசம். தைப்பூச நேரத்தில் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்குக் காவடியோடு நடக்கும் கூட்டத்தில் வயதான அப்பச்சிகளும் ஆச்சிகளும் இருக்கிறார்கள். எதிரே வரும் வெள்ளை நீல லைட் அவர்கள் கண்ணில் பட்டால் சில நொடிக்குக் காலடியே தெரியாது. இதற்காகவே எனக்கு அந்தப் பல்புகள் மேல் கோபம்.

கடையில் நிற்கும்போது பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். "ஆஃப் ரோடு யூஸ் ஒன்லி" என்று பொடி எழுத்தில் இருந்தால் ரோட்டில் ஓட்ட அது இல்லை. வட்டத்துக்குள் E என்ற ஆங்கில எழுத்துக் குறியைக் காட்டி அப்ரூவல் என்பார்கள், அட்டையில் எவரும் அச்சடிக்கலாம். வயரை வெட்டி ஒட்ட விடவே விடாதீர்கள், பின்னால் தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.

அப்புறம் ஆபீஸ். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள், ஏனென்றால் அடுத்த முறை வேறு ஆள் இருந்தால் வேறு குறை சொல்வார். வெளியே நிற்கும் புரோக்கர் "நான் பேசிக்கிறேன்" என்றால் பணம் கொடுக்காதீர்கள், பல்பு மாறாமல் குறை தீராது. சலான் வந்திருந்தால் எந்தப் பிரிவு என்று பாருங்கள். 177 பொதுவான பிரிவு, முதல் முறைக்கு 500 வரைதான். 182ஏ(4) என்றால் 5,000. பரிவாகன் என்ற அரசு போக்குவரத்துத் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் தெரியும். தவறு என்று தோன்றினால் கட்டாதீர்கள், கட்டினால் ஒப்புக்கொண்டதாகும். சலான் விர்ச்சுவல் கோர்ட்டுக்கு (ஆன்லைன் நீதிமன்றம்) போயிருந்தால், அங்கே எதிர்த்துப் பேசுவதாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கண்டுகொள்ளாமலும் விடாதீர்கள், பாக்கி சலான் எப்.சி.யையும் பெயர் மாற்றத்தையும் நிறுத்தும்.

வெளிச்சம் பத்தவில்லை என்றால் பல்பை விட்டுவிட்டு முதலில் ஹெட்லைட் கண்ணாடி மஞ்சளித்திருக்கிறதா, எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி வண்டிகளுக்கு அதிலேயே தீர்ந்துவிடும்.

ஏற்கெனவே எல்.இ.டி. போட்டிருந்தால் பழைய பல்பைக் கடையில் விட்டு வராதீர்கள். அந்தத் தம்பியின் பல்பைக் குப்பையில் போட்டுவிட்டார்கள், புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. துணியால் பிடித்து எடுங்கள், விரல் எண்ணெய் பட்டால் ஹாலோஜன் சீக்கிரம் போய்விடும். பேப்பரில் சுற்றி டேஷ்போர்டு டிராயரில் போட்டு வையுங்கள்.