வேரோடு வந்த முடியில் வேர் இல்லை

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். துபாயில் வேலை. ஆவணியில் லீவு கிடைத்ததும் நேரே ஊருக்கு வராமல் இஸ்தான்புல் போய், மூன்று நாள் தங்கி, தலையில் 2800 கிராஃப்ட் முடி நட்டுக்கொண்டு, அப்புறம்தான் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியிருக்கிறார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தெருவில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "எந்தக் கோயில்லடே மொட்டை?" அதை எப்படியோ சமாளித்துவிட்டார். மூன்றாவது வாரம்தான் வினை ஆரம்பித்திருக்கிறது. தலையணையில், துண்டில், குளியலறைத் தரையில், எங்கே பார்த்தாலும் நட்ட முடி. அவருடைய அம்மா ஒரு முடியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "ஏலே, வேரோடல்லா வருது" என்று சொல்லி, திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்த மொட்டையைத் துருக்கியில் போட்டால் இப்படித்தான் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார். தம்பியின் கேள்வி ஒரே வரி: "காசு போச்சா சார்?"

போகவில்லை. அம்மா பார்த்தது உண்மை, ஆனால் அது வேர் இல்லை. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய பாடம்.

ஆண்களுக்கு வரும் வழக்கமான வழுக்கைக்குக் காரணம் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஹார்மோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் டிஎச்டி என்ற இன்னொரு ஹார்மோன். நெற்றியிலும் உச்சியிலும் இருக்கும் மயிர்க்கால்கள் பரம்பரையாக அதற்கு ஒத்துக்கொள்ளாதவையாக இருந்தால், முடி கொட்டி முளைக்கும் ஒவ்வொரு சுற்றிலும் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பூனைமுடி மாதிரி ஒன்றை மட்டும் விடும். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு ஹார்மோனை ஊசியில் ஏற்றினால் வழுக்கைக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விழுகிறது என்றும் 1942இல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற ஆராய்ச்சியாளர் காட்டிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், இதே ஹார்மோன்தான் தாடியை அடர்த்தியாக்குகிறது. அதனால்தான் தலை காலியாகக் காலியாகத் தாடி மட்டும் ஜம்மென்று வளர்கிறது. எனக்கும் அப்படித்தான்.

ஹார்மோன் ஒன்றுதான், ரத்தம் ஒன்றுதான். ஆனால் பின்மண்டையில் இருக்கும் மயிர்க்கால்கள் மட்டும் அதைக் கண்டுகொள்வதே இல்லை. எண்பது வயசுத் தாத்தாவுக்கும் காதுக்கு மேலே சுற்றி ஒரு வேலி நிற்குமே, அதுதான். அப்படியென்றால் குற்றம் இடத்திலா, வேரிலா? உச்சித்தோல் கெட்ட மண் என்பதால் முடி போகிறதா, இல்லை அங்கே பிறந்த முடிக்கே அந்த விதியா? நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் இதைச் சோதித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முடியுள்ள தோலில் ஒரு சின்ன வட்டம் வெட்டி வழுக்கையில் வைத்தார். வழுக்கைத் தோலில் ஒரு வட்டம் வெட்டி முடியுள்ள இடத்தில் வைத்தார். முடியுள்ள வட்டம் வழுக்கைக்கு நடுவிலும் முடி வளர்த்தது. வழுக்கை வட்டமோ அடர்ந்த முடிக்கு நடுவில் உட்கார்ந்தும் வழுக்கையாகவே இருந்தது. 1959இல் இதை வெளியிட்டார். பூமி எங்கும் நடக்கும் முடி நடவு வியாபாரம் மொத்தமும் இந்த ஒரு விஷயத்தின் மேல் நிற்கிறது: மயிர்க்கால் போன இடத்தின் புத்தியை எடுத்துக்கொள்வதில்லை, பிறந்த இடத்தின் புத்தியோடே இருக்கிறது. தாராவிக்குப் போய் நாற்பது வருஷம் ஆகியும் "வாலே, போலே" விடாத நம்ம ஊர் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இருக்காது. (முழுக்க அப்படியும் இல்லை. கொரியாவில் தலைமுடியைக் காலில் நட்டுப் பார்த்து 2002இல் எழுதினார்கள். முடி முளைத்தது, ஆனால் வளரும் வேகம் குறைந்துபோனது. புது ஊர்க் காற்றும் கொஞ்சம் படத்தான் செய்யும்போல.)

ஆபரேஷனை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மரத்துப்போக ஊசி போட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ள குழல் போன்ற கத்தியால் பின்மண்டையிலிருந்து ஒவ்வொரு கொத்தாக எடுப்பார்கள். முடி தனித்தனியாக முளைப்பதில்லை, ஒன்று முதல் நான்கு வரை சேர்ந்த கொத்தாகத்தான் முளைக்கிறது. அந்தக் கொத்துதான் கிராஃப்ட். எடுத்ததைக் குளிர்ந்த உப்புத் திரவத்தில் போட்டுவைத்து, முன்னால் சின்னச் சின்னக் கீறல் போட்டு, முடி சாய வேண்டிய பக்கம் பார்த்துச் செருகுவார்கள். ஆறு, எட்டு மணி நேர வேலை. நாற்றங்காலில் பிடுங்கி, கட்டி, வயலில் கொண்டுபோய் நடுவதுதான், வேறொன்றுமில்லை. நாற்றுக் கட்டுக்கு நம்ம பக்கம் பேரே "முடி"தான், என்ன பொருத்தம் பாருங்கள். ஒரே ஒரு வித்தியாசம், ஆனால் பெரிய வித்தியாசம். நாற்றங்காலில் அடுத்த பிசானத்துக்கு மறுபடி விதைக்கலாம், பின்மண்டையில் விதைக்க முடியாது. எடுத்த இடம் எடுத்ததுதான். பெரும்பாலானவர்களுக்கு ஆயுளுக்கும் சேர்த்து 5000, 6000 கிராஃப்டுக்கு மேல் எடுக்க வழியில்லை. ஒரே நாளில் 5000 நடுகிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

சரி, இப்போது அந்த வேருக்கு வருவோம்.

தோலுக்குள் நாலைந்து மில்லிமீட்டர் ஆழத்தில் மயிர்க்காலின் அடி சின்ன வெங்காயம் மாதிரி பருத்திருக்கும். அந்த வெங்காயத்தின் அடியில் ஒரு குழி, குழிக்குள் பாப்பில்லா என்கிற ஒரு சின்னச் செல் கூட்டம். அது தானாக முடி செய்யாது, மேஸ்திரி மாதிரி சுற்றியிருக்கும் செல்களை வேலை வாங்கும். இன்னொரு முக்கியமான இடம் பாதி உயரத்தில் இருக்கிறது. குளிரும்போதும் புல்லரிக்கும்போதும் முடியை நிமிர்த்துகிற குட்டித் தசை ஒன்று உண்டல்லவா, அது வந்து ஒட்டுகிற புடைப்பு. மயிர்க்காலின் மூல செல்கள், அதாவது புதுச் செல்களைப் பிறப்பிக்கும் தாய்ச் செல்கள், அந்தப் புடைப்பில்தான் தூங்குகின்றன. அதுவரை எல்லோரும் அடி வெங்காயத்திலேயே தேடிக்கொண்டிருக்க, 1990இல்தான் கோட்சரெல்லிஸ் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் எலியில் பார்த்து, அவை இருப்பது இங்கே என்று சொன்னார்கள்.

ஒரு முடி இரண்டு முதல் ஆறு வருஷம் வளரும். அப்புறம் அடியில் இருக்கும் செல்களுக்கு நிறுத்து என்று உத்தரவு வரும். அவை தாமாகவே செத்துக் கரையும். இரண்டு மூன்று வாரத்தில் மயிர்க்காலின் கீழ்ப்பாதி மொத்தமும் சுருங்கி மேலே வரும், கூடவே பாப்பில்லாவும் மேலே இழுபட்டு வந்து, தூங்கிக்கொண்டிருக்கும் மூல செல்களின் வாசலில் உட்காரும். பழைய முடியின் அடிமுனை இறுகி, அனுமார் கையில் இருக்கும் கதாயுதம் மாதிரி ஒரு வெள்ளை உருண்டையாகிவிடும். சுமார் நூறு நாள் ஓய்வு. அதற்குள் பாப்பில்லாவுக்கும் மூல செல்களுக்கும் நடுவே ரசாயனப் பேச்சு நடந்து, மூல செல்கள் விழித்து, பழைய பாதையிலேயே கீழ்நோக்கி மறுபடி ஒரு மயிர்க்காலைக் கட்டி, புது முடியைக் கிளப்பும். அப்பா அம்மா கொடுத்த ஒரு உறுப்பைத் திரும்பத் திரும்ப இடித்துக் கட்டுகிற வேலை, சோறு தின்றுவிட்டு நாம் சும்மா படுத்திருக்கும்போது உச்சந்தலையில் லட்சம் இடத்தில் நடக்கிறது. எனக்கு இதை எத்தனை தரம் படித்தாலும் அலுப்பதில்லை. கணக்கும் சுத்தமாக வரும். தலையில் சுமார் 1,00,000 முடி, அதில் பத்தில் ஒன்று ஓய்வில் என்றால் 10,000. ஓய்வு 100 நாள் என்றால் நாளைக்கு 100 முடி கொட்ட வேண்டும். சீப்பில் வருவது அதுதான்.

அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வெள்ளை உருண்டையும் அந்தக் கதாயுதம்தான். அது செத்த கெரட்டின், நகம் மாதிரி. பாப்பில்லாவும் மூல செல்களும் தோலுக்குள் பத்திரமாக இருக்கின்றன. நடவில் என்ன ஆகிறதென்றால், மயிர்க்காலை ரத்த ஓட்டத்திலிருந்து துண்டித்துப் பல மணி நேரம் வெளியே வைக்கிறோம், அந்த அதிர்ச்சியில் ஆளுக்கொரு நேரத்தில் ஓய்வுக்குப் போகவேண்டிய 2800 கொத்தும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஓய்வுக்குப் போய்விடுகின்றன. இரண்டாவது வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை கொட்டும். நட்ட நாற்றில் மேல் தாள் பழுத்துச் சாய்ந்தால் வயல்காரர் யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்வதில்லை, புது வேர் விட்டுப் பச்சை பிடிக்கும் என்று தெரியும். நெல்லுக்கு வாரம் பத்து நாள், முடிக்கு மூன்று நான்கு மாதம், அவ்வளவுதான். முளைத்த பிறகு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். முழு உருவம் தெரிய வருஷம் ஆகும்.

கிராஃப்டே போய்விட்டால் எப்படித் தெரியும்? முதல் சில நாளில் முடியோடு சதைத் துணுக்கும் வந்து அந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் அது போனதுதான். அந்த நாட்களில் கிராஃப்ட் உறைந்த ரத்தத்தின் பசையில்தான் நிற்கிறது, சுற்றியிருக்கும் நீர் ஊறித்தான் பிழைக்கிறது. பிறகுதான் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வந்து சேரும். பத்து நாள் தாண்டிவிட்டால் முடியைப் பிடித்து இழுத்தாலும் முடிதான் வருமே தவிர மயிர்க்கால் வராது. அதனால்தான் முதல் பத்து நாளுக்கு அத்தனை கெடுபிடி: தலையை உயர்த்திப் படுக்க வேண்டும், சொறியக் கூடாது, நுரையைத் தொட்டு வைத்து கப்பால் மெதுவாக ஊற்றிக் கழுவ வேண்டும். இரண்டாம் மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண்வரை இறங்கினால் பதற வேண்டாம், தலையில் செலுத்திய திரவம் கீழே வழிகிறது. இந்தத் தம்பி ஆவணியில் நட்டுவிட்டு, சாரல் முடிவதற்குள் குற்றாலம் போகலாமா என்றும் கேட்டிருந்தார். ஐந்தருவியில் தலையைக் கொடுப்பது என்பது நூறு பேர் சேர்ந்து மண்டையில் தட்டுவது மாதிரி. ஒரு மாதத்துக்கு நினைக்கவே கூடாது. வெயிலும் ஆகாது, நம்ம ஊரில் அது எப்படி முடியும் என்பது வேறு கேள்வி.

ஒன்று மறந்துவிட்டேன். நட்டது நிற்கும், ஆனால் நடுவில் இருக்கும் பழைய முடி அதன் விதிப்படி போய்க்கொண்டேதான் இருக்கும். அதைத் தாமதப்படுத்த மினாக்ஸிடில், ஃபினாஸ்டெரைடு என்று இரண்டு மருந்துகள் உண்டு. மருத்துவரைக் கேட்டு மட்டும்.

மற்றபடி எண்ணெய், வெங்காயச் சாறு எல்லாம் சுருங்கிப்போன மயிர்க்காலைத் திரும்பப் பெரிதாக்காது. நானே ஒரு வருஷம் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டச் சமயம் பொருட்காட்சியில், கால்வரை கூந்தல் படம் போட்ட பாட்டில் மூன்று வாங்கினவன். தலையணை உறை மட்டும்தான் செழித்தது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். சவரத்தால் முடியின் தடிமனோ வேகமோ மாறுவதில்லை என்று 1928இலேயே மில்ட்ரட் டிராட்டர் என்ற ஆராய்ச்சியாளர் அளந்து சொல்லிவிட்டார். கத்தி மேலேதானே ஓடுகிறது, மேஸ்திரி நாலு மில்லிமீட்டர் கீழே இருக்கிறார், அவருக்குச் செய்தியே போகாது. நேர்ந்துகொண்டவர்கள் தாராளமாகப் போடுங்கள். அது வேறு கணக்கு.

என் ஆதங்கம் இன்னொன்று. மலேரியா ஆராய்ச்சியைவிட வழுக்கை ஆராய்ச்சிக்குத்தான் அதிகப் பணம் போகிறது என்று 2013இல் பில் கேட்ஸ் லண்டனில் குறைபட்டார். நியாயம்தான். ஆனால் மயிர்க்கால் ஆராய்ச்சியை அழகு சமாச்சாரம் என்று தள்ளிவிடவும் மனசு வரவில்லை. இந்த நடவே அழகுக்காகத் தொடங்கியதில்லை. ஜப்பானில் ஒகுடா என்ற மருத்துவர் 1939இல் தழும்பேறிய தலைகளைச் சரிசெய்யத்தான் இதைச் செய்தார். அவர் எழுதியது ஜப்பானிய மொழியில் இருந்ததாலும் போர் வந்ததாலும் மேற்கில் யாரும் படிக்கவில்லை. முட்டி உராய்ந்து தோல் போனால் புதுத் தோலுக்கு ஆள் அனுப்புவதில் அந்தப் புடைப்பு மூல செல்களுக்கும் பங்கு உண்டு. ஸ்பெயினில் 2012இல் ஆறாத கால் புண்களில் தலைமுடிக் கிராஃப்ட்களை நட்டு, நடாத பகுதியைவிட நட்ட பகுதி நன்றாக ஆறுவதைப் பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான், பத்துப் பேர். ஆனால் சர்க்கரை வியாதியில் கால் புண் ஆறாமல் நம்ம ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களைப் பார்த்த எனக்கு, அந்தப் பத்தை ஆயிரமாக்கிப் பார்க்க இங்கே யாராவது பணம் தந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

கடைசியாக, தம்பி கடிதத்தின் அடியில் அம்மா எழுதச் சொன்னதாக ஒரு கேள்வி: மாசித் திருவிழாவுக்கு வந்து நேர்ச்சையை முடிக்கலாமா? ஆவணியிலிருந்து மாசி ஆறு மாதம். மயிர்க்கால் எப்போதோ ஊன்றியிருக்கும், நட்ட மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு தாராளமாக மழிக்கலாம், கொடுத்த காசு எங்கேயும் போகாது. என்ன, அப்போதுதான் முதல் தளிர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பி, கண்ணாடி முன்னால் நிற்க ஆசையாக இருக்கும் நேரம். முருகனிடம் அடுத்த ஆவணித் திருவிழாவரை தவணை கேட்டுப் பாருங்கள்.